கிள்ளானில் ஒரு ஊக்கு

அடுத்த மாதம் கம்போடியக் கிராமம் ஒன்றுக்குக் கத்தோலிக்கத் தொண்டராகப் போகிறேன். அதற்கான பயிற்சிக்காகத் திண்டுக்கல்லிலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்கு வந்திருக்கிறேன். இன்றைய பாடம் விசித்திரமானது: யாருக்கும் உதவக் கூடாது, முன்பின் தெரியாத ஒருவரிடம் உதவி கேட்டு வாங்கி வர வேண்டும்.

கேட்க வாய் வரவில்லை. தோள்பையின் வார் அறுந்த பிறகும், பையைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு பாசாரை, இந்த ஊர்ச் சந்தையை, சுற்றிச் சுற்றி வருகிறேன். கடைசியில் பூக்கடை ஆன்டியிடம் கம்போடியா போவதையும் இன்றைய பாடத்தையும் சொல்லி ஒரு ஊக்கு கேட்கிறேன். தாலிக்கொடியில் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி அவரே வாரில் குத்துகிறார்.

"மூணு தடவ இப்படியே பையத் தூக்கிட்டுப் போனீங்க. அப்பவே கேட்டிருக்கலாம் லா."

"கூச்சமா இருந்துச்சு ஆன்டி."

"அப்ப நீங்க உதவப் போற ஊர்ல, அவங்க மட்டும் கூச்சமில்லாம கேட்பாங்களா?"