வலது ஓரத்தில் திணறும் கேரியேஜ்: மெஷின் வாங்க ஸ்ரீரங்கம் போன கதை

பழைய பிரிண்டர் வாங்க வெளியூர் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில் பார்க்க ஸ்ரீரங்கம் போகிறவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் கோபுரத்தைப் பற்றி நான் சொல்லப்போவது கொஞ்சம்தான், சக்கரத்தைப் பற்றிச் சொல்லப்போவது நிறைய.

தை பிறந்த கையோடு கிளம்பினேன். திண்டுக்கல்லில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை என்னுடையது. ஐப்பசி மழையில் விழுந்த இடி என் ஒரே மெஷினின் போர்டைக் கருக்கிவிட்டது. அன்றிலிருந்து வருகிற வேலையை எல்லாம் எதிர்க்கடையில் கொடுத்து அடித்து வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக்காரர் என் வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லி நலம் விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். பங்குனித் திருவிழாக்களுக்குள் ஒரு மெஷின் வந்து சேராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இதை வீட்டில் நான் சொல்லவில்லை. வீட்டில் தெரிந்துதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பிரிண்டிங் தொழில் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. ஆறடி அகல மெஷின், இடம் ஸ்ரீரங்கம், கேரியேஜ் வலது ஓரத்தில் நின்றுவிடுகிறது, இருக்கிற நிலையிலேயே கொடுக்கிறோம். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மை தெளிக்கும் தலைகளைச் சுமந்துகொண்டு இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டிதான் கேரியேஜ். அது ஓட ஒரு தண்டவாளம், இழுக்க ஒரு பெல்ட், எங்கே இருக்கிறோம் என்று அது தெரிந்துகொள்ள மெல்லிய கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை. இந்த மூன்றில் எது சொதப்பினாலும் வேலை நின்றுவிடும். பெரும்பாலும் சரிசெய்துவிடக்கூடிய கோளாறுகள்தான். போனில் பேசி, வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் திருச்சிக்கு நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஒன்றைக் கவனியுங்கள். இப்போது நம் பக்கத்துப் பஸ்கள் பஞ்சப்பூர் புது நிலையத்தில்தான் நிற்கின்றன. பழைய ஞாபகத்தில், ஜங்ஷன் பக்கம் இறங்கி டிபன் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். பஞ்சப்பூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது, ஊருக்குள் நெரிசல் என்றால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு டவுன் பஸ் தேவைப்படவில்லை, சகலை பைக்கோடு வந்திருந்தார். குமரேசன், என் மனைவியின் தங்கை கணவர். திருவெறும்பூரில் வீடு, அங்கேயே பெரிய தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் வேலை. பிரிண்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பைக் பெட்டியில் எப்போதும் ஒரு ரசமட்டம் வைத்திருப்பார், கொத்தனார்கள் சுவரில் வைத்துக் குமிழி பார்ப்பார்களே, அதேதான். அவர் வீட்டில் சாமி படம்கூட மட்டம் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறது.

"என்ன சகலை, தூக்கிட்டுப் போக நான் ஒருத்தன் போதுமா?" என்றார்.

"உங்களை நம்பியா வருவேன்? குட்டி யானை சொல்லியிருக்கேன்" என்றேன். சின்ன சரக்கு வண்டிக்கு நம் ஊர்ப் பெயர் அது. ஓட்டுநர் சாதிக் பாய் நேராக ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிடுவதாகப் பேச்சு.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. ஆற்றில் ஒரு பக்கமாக மட்டும் தண்ணீர் ஓடியது. பாலம் தாண்டி ராஜகோபுரத்துக்குக் கீழே போகும்போது நான் மெஷினை மறந்து அண்ணாந்து பார்த்தேன், சகலை வண்டி ஓட்டிக்கொண்டே பார்த்தார். அது ஆபத்து, நீங்கள் செய்யாதீர்கள்.

விளம்பரம் கொடுத்தவர் வீடு வடக்குச் சித்திரை வீதியில், கோயிலைப் பார்த்தபடி. பெரிய பழைய வீட்டின் கீழ்க்கட்டு முழுவதும் கடை. கடையை நடத்துவது பத்மா, நாற்பது வயது இருக்கலாம். கணவர் ரயில்வேயில் வேலை, அன்று டூட்டிக்குப் போயிருந்தார்.

"வாங்கோ, உள்ள வாங்கோ. சேவிச்சுட்டு வந்தேளா, நேரா இங்கதானா?"

நேராக இங்கேதான் என்றதும் சிரித்துவிட்டுக் காப்பி கொண்டுவந்தார். காப்பி குடித்துக்கொண்டே மெஷினைப் பார்த்தேன். இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமான மெஷினை நான் கண்டதில்லை. தண்டவாளத்தில் ஒரு தூசி கிடையாது. மை குழாய்கள் பின்னல் போட்டதுபோல் ஒழுங்காகக் கட்டியிருந்தன. சுவரில் அவர் கேன்வாஸில் அடித்த பெருமாள் படங்கள். திருமேனியின் கறுப்பில் நாலு விதக் கறுப்பு தெரிந்தது. என் கடையில் கறுப்பு என்றால் ஒரே கறுப்புதான். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"மெக்கானிக் மூணு தரம் வந்து பார்த்தார். பெல்ட் மாத்தினார், பட்டையைத் துடைச்சார், பேரிங் மாத்தினார். கடைசியில ரெயிலே போயிடுத்து, வேற மெஷின் பாருங்கோன்னுட்டார். வேற மெஷினுக்கு நான் எங்க போறது?" என்றார் பத்மா. தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம், திங்கட்கிழமை சேர வேண்டும். சொல்லும்போது மெஷின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

வேலையில் இறங்கினேன். கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கேரியேஜைக் கையால் இடமிருந்து வலமாகத் தள்ளினேன். முக்காலுக்கு மேல் தூரம் வெண்ணெய்போல் போனது. வலது ஓரத்தில் ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் முரண்டு பிடித்தது. பெல்ட்டைத் தளர்த்திவிட்டுத் தள்ளினேன், அதே இடத்தில் அதே முரண்டு. ஆக மோட்டாரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. தண்டவாளத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன், தேய்மானம் எதுவும் தட்டுப்படவில்லை. எனக்கே குழப்பமாகிவிட்டது. நோய்க்கான அடையாளம் எல்லாம் இருக்கிறது, நோயைக் காணோம்.

சகலைக்குச் செய்ய ஒன்றுமில்லை. காப்பி டம்ளரோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மெஷினுக்கு அடியில் பேப்பர் விழுவதற்காகக் கட்டியிருந்த துணியை விலக்கி, வலது பின்பக்கச் சக்கரத்தை விரலால் தட்டினார். அது சுழன்றது. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மெஷினின் சக்கரம், குழந்தை விளையாடும் பொம்மை வண்டிச் சக்கரம்போல் சும்மா சுழன்றது.

அவர் என்னைப் பார்த்தார். ரசமட்டத்தை எடுத்துத் தண்டவாளத்தின் இடது ஓரத்தில் வைத்தார், குமிழி நடுவில் நின்றது. வலது ஓரத்தில் வைத்தார், குமிழி முன்பக்கம் ஓடியது.

"எப்பயாச்சும் மெஷினை நகத்தினீங்களாங்க?" என்று கேட்டார்.

"நகத்தலை. திருப்பினோம்" என்றார் பத்மா. "முன்னாடி கூடத்துக்குக் குறுக்க இருந்தது. நாள் பூரா பெருமாளுக்கு முதுகைக் காட்டிண்டு நின்னு வேலை பார்ப்பேன். எனக்கு மனசு ஒப்பலை. ஆவணியில நாலு பேரை வெச்சு இப்படி நீளவாக்குல திருப்பிப் போட்டோம். அப்போ நன்னாத்தான் ஓடித்து, ஐப்பசிக்கு மேலதான் மக்கர்."

"இந்த இடத்துல முற்றம் இருந்துச்சா?" என்றார் சகலை, அந்தச் சக்கரத்துக்குக் கீழே தரையைக் காட்டி.

"இருந்தது. கடைக்காக மண்ணு கொட்டி மூடினோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று சக்கரங்கள் பழைய கெட்டித் தரையில் நிற்கின்றன. நாலாவது, மூடிய முற்றத்தின் மேல். மழைக்கு அந்த மண் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியிருக்கிறது. கால் பாவாத அந்த மூலை தன் எடையிலேயே தொங்க, மெஷினின் உடம்பே முறுக்கிக்கொண்டது. தண்டவாளம் முறுக்கிய இடத்தில் கேரியேஜ் திணறுகிறது. மெஷினில் கோளாறே இல்லை.

அடுத்த நொடி எனக்கு வந்த நினைப்பு இது: பேசாமல் ஏற்றிக்கொண்டு போய்த் திண்டுக்கல்லில் மட்டமான தரையில் இறக்கினால் சாயங்காலமே பேனர் அடிக்கலாம். சகலைக்குக் கண்ணால் சாடை காட்டலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"மெஷின் தங்கமா இருக்குங்க. தரைதான் இறங்கிடுச்சு. எங்க ஷாப்ல லேத் இறக்கினா முதல் வேலையே மட்டம் பாக்கறதுதான்."

பத்மா குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "அப்போ பழையபடி திருப்பணுமா? மறுபடியும் முதுகைக் காட்டிண்டு நிக்கணுமா?" என்று கேட்டார். மெஷின் பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்துக்கு முன்னால் அவருக்கு வந்த கவலை அது.

"எதுக்குங்க திருப்பணும்? எந்தத் திசையில வேணா நிக்கட்டும். நாலு காலும் ஊணி நின்னா போதும்."

கொல்லையில் அலமாரிக்கு வாங்கி மிஞ்சிய கடப்பைக் கல் ஒன்று கிடந்தது. பளு ஒரே இடத்தில் இறங்காமல் பரவ அது போதும் என்றார் சகலை. அதற்குள் வந்துவிட்டிருந்த சாதிக் பாய் தன் வண்டியிலிருந்து கடப்பாரை கொண்டுவந்து மூலையை நெம்ப, நான் கல்லைத் தள்ளினேன். சகலை தன் பைக் பெட்டியிலிருந்து எடுத்த மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே குமிழியைப் பார்த்தார். அது நடுவுக்கு வந்ததும் கேரியேஜைத் தள்ளினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரலுக்கு ஓடியது.

பத்மா கரண்ட் போட்டு ஒரு சோதனைப் படம் அடித்தார். ஒரு கையை மெஷினின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார். பாதியில் சட்டென்று நிறுத்தினார். "ஒரு கோடு விழறது" என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. அவர் மை தெளிக்கும் தலையைச் சுத்தம் செய்து மறுபடி அடித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாவின் முன்னால் எனக்கிருந்த பொறாமை போய் மரியாதைதான் மிஞ்சியது.

படத்தை வெட்டி எடுத்தவர், மெஷினை அணைத்து வயரைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"உங்களுக்குத் தரதா வார்த்தை குடுத்தாச்சே. நன்னா இருக்குன்னு இப்போ மாத்திப் பேசினா நன்னாவா இருக்கும்? எடுத்துண்டு போங்கோ. உங்காத்துலயாவது ஓடட்டும்."

குரல் தெளிவாகத்தான் இருந்தது. வயரைச் சுற்றிய கை மட்டும் மெதுவாகச் சுற்றியது. வாசலில் சாதிக் பாய், "லோடு ஏத்தலாமாண்ணே?" என்று கேட்டார். சகலை இந்த முறை வாயைத் திறக்கவில்லை, ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த மெஷின் வேண்டும். அப்போதும் வேண்டும், இதை எழுதும்போதும் வேண்டும். ஆனால் ஒரு கோடு விழுவது கையில் தெரிகிற ஆளிடமிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போய், ஒரே கறுப்பு அடிக்கிற நான் என்ன செய்யப்போகிறேன்? "லோடு இல்லை பாய்" என்றேன். வயரை அவர் கையிலிருந்து வாங்கி நானே செருகினேன். பதிலுக்கு ஒன்று கேட்டேன்: எனக்கு மெஷின் அமையும்வரை என் கடை வேலையை எதிர்க்கடைக்குப் பதிலாக நீங்கள் அடித்துத் தர வேண்டும். "அதுக்கென்ன, அனுப்புங்கோ" என்றார். இப்போது ராத்திரி நான் ஃபைல் அனுப்பினால் மறுநாள் மதியம் பஸ் பார்சலில் பேனர் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் கறுப்பைப் பார்த்துவிட்டு, புது மெஷினா என்று கேட்கிறார்கள்.

பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்களுக்கு இனி சில வார்த்தைகள். கரண்ட்டை நிறுத்திக் கையால் தள்ளிப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றி இன்னொரு முறை தள்ளுங்கள். திணறல் ஒரே இடத்தில் என்றால் மெஷினைத் திறக்கும் முன் குனிந்து நாலு கால்களையும் பாருங்கள். கடைசியாக எப்போது நகர்த்தினீர்கள் என்று கேட்காதீர்கள், திருப்பினீர்களா, தூக்கினீர்களா, கீழே தரை போட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சின்ன ரசமட்டம் ஒன்று பையில் இருக்கட்டும். ஸ்ரீரங்கம் என்றால் காலையிலேயே சேவித்துவிட்டு வேலைக்குப் போங்கள், எங்களுக்கு மதியம் நடை சாத்திவிட்டார்கள். கண்டிப்பாக அந்த மெஷின் வேண்டும் என்றால் சகலையை அழைத்துப் போகாதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் பத்மா போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் பேசி, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"காரணம் கேட்டா. என்னன்னு சொல்றது? போனை ஓடிண்டிருந்த மெஷின்கிட்ட கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வெச்சேன்" என்றார்.