இருநூறு கட்டு ரோஜாவுக்கு ஒரு குட்டியானை

போன செவ்வாய்க்கிழமை காலை. இட்லித் தட்டின் முன் உட்கார்ந்த நேரத்தில் பாகலூரிலிருந்து போன். ரோஜாத் தோட்டக்காரர் முனிராஜ்.

"சார், குட்டியானை ஒண்ணு வந்து நிக்குது. நீங்க போட்டுக் குடுத்த சாஃப்ட்வேர் அனுப்புச்சதாம்!"

பயந்துவிடாதீர்கள்... தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து இறங்கிய யானை இல்லை. சின்ன லோடு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்.

அவருக்கு வேண்டியதோ பெரிய ஏசி வண்டி. சிங்கப்பூர் வியாபாரி ஒருவருக்கு முதல் ஆர்டர். நாலாயிரம் ரோஜா, மதியத்துக்குள் பெங்களூரு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டாராம்.

இட்லியை அப்படியே வைத்துவிட்டு மத்திகிரியிலிருந்து பைக்கில் பறந்தேன். சாஃப்ட்வேர்தான் என் பிழைப்பு. முனிராஜின் பேக்கிங் விவரம் ஒரு சாஃப்ட்வேரில், மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இருக்கும் வண்டிக்காரரின் புக்கிங் இன்னொன்றில். இரண்டையும் இணைத்துவிட்டு, 'இனிமேல் போனே வேண்டாம்' என்று பீற்றிக்கொண்டவன் நான்தான். அதன் பிறகு இதுதான் முதல் லோடு.

லேப்டாப்பைத் திறந்தால் இணைப்பில் ஒரு குறையும் இல்லை. பேக்கிங் அனுப்பிய எண் 200. புக்கிங் வாங்கிய எண் 200. பச்சை டிக் வேறு!

முனிராஜ் எண்ணுவது கட்டுகளை — கட்டுக்கு இருபது பூ. வண்டிக்காரர் எண்ணுவது பூக்களை. வெறும் இருநூறு பூவுக்குக் குட்டியானையே அதிகம்தானே?

ஆளுக்கொரு வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்களை ஒன்றோடொன்று கோப்பது இன்டகிரேஷன். இங்கே கட்டாகக் கிளம்புவதை அங்கே பூவாக மாற்றிக் கொடுப்பது டிரான்ஸ்ஃபர்மேஷன். முதலாவது இருந்தால் செய்தி போய்ச் சேரும். புரிய வேண்டுமானால் இரண்டாவதும் வேண்டும். ஊருக்கெல்லாம் நான் எடுக்கும் பாடம் இது... எனக்கே மறந்துபோனதில் வெட்கமாக இருந்தது.

நான் கோடிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, முனிராஜின் மனைவி லட்சுமி போனை எடுத்தார். வண்டிக்காரரிடம் கன்னடத்தில் எண்ணி நாலு வாக்கியம். இருநூறு கட்டு, நாலாயிரம் பூ, பெரிய வண்டி, உடனே. முக்கால் மணி நேரத்தில் ஏசி வண்டி வாசலில் நின்றது.

இத்தனை வருஷமும் வண்டிக்குச் சொல்லி வந்தவர் அவர்தானாம். கட்டுக் கணக்கை மனசுக்குள்ளேயே பூக்கணக்காக மாற்றி, அதையும் கன்னடத்தில் சொல்லி... வெறும் போன் கால் என்று நினைத்து நான் தூக்கியெறிந்தது அந்த டிரான்ஸ்ஃபர்மேஷனைத்தான்!

பூ ஃப்ளைட் ஏறிவிட்டது. விட்டுப்போன மாற்றத்தை நானும் எழுதிச் சேர்த்தேன் — லட்சுமியை உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு. கிளம்பும்போது காபியை நீட்டிக்கொண்டே அவர் கேட்டார்:

"ரெண்டு கம்ப்யூட்டரையும் சேத்து வச்சீங்க, சரி சார்... நடுவுல இருந்த என்னை எதுக்குக் கழட்டி உட்டீங்க?"