ஆர்டர் கம்பெனியில், ஆட்கள் காட்டில்

எங்கள் கடலைமிட்டாய்க் கம்பெனியில் தீபாவளி வரைக்கும் பேக்கிங் செய்ய, தெருத்தெருவாக அலைந்து நான்கு பெண்களைப் பிடித்திருந்தேன். இன்று காலை ஒருத்திகூட வரவில்லை.

மிட்டாய் தட்டுத் தட்டாகக் கிடக்கிறது. சாயங்காலம் லாரி வந்துவிடும்.

கோபத்தோடு அவர்களில் ஒருத்தியான மாரியம்மாளுக்குப் போன் போட்டேன்.

"நேத்து நல்ல மழைல்லாக்கா. ஈரம் காயுறதுக்குள்ள உளுந்து விதைக்கணும். நாங்க நாலு பேரும் காட்டுலதான் நிக்கோம்."

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? யார் காட்டுல நிக்கிய?"

"உங்க காட்டுலதான்க்கா. அண்ணாச்சிதான் விடியவும் ஆட்டோவுல கூட்டியாந்தாவ."

அண்ணாச்சி என்றால் என் வீட்டுக்காரர். அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

பேக்கிங்குக்கு அவசரமாக ஆள் தேவை. தெரிந்தவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் கண்ணில் மட்டும் படாமல் வரச் சொல்லுங்கள்.