உப்புக்கு இறங்காத வீக்கம்

பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலை ஒன்றில் பச்சைத் தோலுக்கு உப்பு போடுவதுதான் பல வருடமாக என் வேலை. உப்பைத் தேய்த்து அடுக்கிவிட்டால் தோலிலிருந்து நீர் கசிந்து கீழே ஓடும்.

போன கோடையில் என் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நாலு தோல் தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. தூக்க முடியாதவனுக்கு எங்கள் இடத்தில் வேலை இல்லை. என்னைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமும் உண்டு. ஆனால் கூட வேலை செய்கிறவன் பார்த்துவிட்டான்.

"தோலுக்குப் போட்றதையே நீயும் போட்டுக்க மாமா. தண்ணி தானா எறங்கிடும்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. கஞ்சியிலும் மோரிலும் உப்பைக் கூட்டினேன். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது. மனைவி வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். ஒண்ணுக்கு எப்படிப் போகிறது என்று நர்ஸம்மா கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். மனைவிதான் பதில் சொன்னாள். உப்புக் கதையையும் சொல்லிவிட்டாள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

"அண்ணா, தோலு மேல போட்டா உப்பு தண்ணிய வெளிய இழுக்கும். நம்ம வயித்துக்குள்ள போனா தண்ணிய புடிச்சு வெச்சிக்கும்."

பிறகு பொறுமையாக விளக்கினார். உடம்பில் நீர் அதிகமாகி இதயம் விம்மும்போது, அந்த இதயமே ஒரு ஹார்மோனைச் சுரக்குமாம். அது சிறுநீரகத்துக்குப் போய் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், பிரஷர் இறங்கும். என் ரத்தத்தில் அது ஏகத்துக்கு இருந்ததாம். இதயம் கெஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆனால் பலவீனமான இதயத்துக்கு அந்தக் கெஞ்சல் போதவில்லை. நான் வேறு மேலும் மேலும் உப்பைக் கொட்டியிருக்கிறேன். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஒக்காந்து செய்ற வேலை எதுனா இருக்குதான்னு வாயத் தொறந்து கேளுய்யா" என்றாள் மனைவி, பஸ்ஸில்.

வீக்கம் வடிந்ததும் மேஸ்திரியிடம் போய் நின்று கேட்டேன். எங்கள் முதலாளியின் ஷூ கம்பெனியில், தைத்த ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கும் மேசைக்கு அனுப்பினார். கூலி கம்மி. மேசையைச் சுற்றி எல்லாரும் பெண்கள். மாத்திரை போட்ட காலை வேளைகளில் அடிக்கடி எழுந்து வெளியே போகவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கத்தரிகள் நின்று, எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நான் தலை குனிந்தபடி போய் வருகிறேன்.