அண்ணாச்சி வீட்டு ஆணிப்பலகை

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது தண்ணீர்க் குழாயருகே நாலு பேர் இருந்தோம்: நான், என் வீட்டுக்காரர், எதிர்வீட்டு மரியம், தையல்காரர் செல்வராஜ். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் மரியத்துக்குத்தான் போன் செய்தாள். மரியம் குழாயை மூடினாள். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

தாராவியில் நம் சந்தின் எட்டு வீட்டாருக்கும் அவருடைய ஆணிப்பலகை தெரியும். எட்டு ஆணி, எட்டு வீட்டின் மாற்றுச் சாவி. "பூட்டே இல்லாத சந்து ஒண்ணு வரும் தாயி. அதுக்கு மொதப் படி, நம்ம சாவி அடுத்த வீட்ல இருக்கணும்" என்பார். அப்படியானால் கதவையும் கழற்றிவிடலாமே என்று மரியம் ஒருநாள் கிண்டல் செய்தாள். "கழத்தலாம். செல்வராஜ் கொறட்டைய யாரு தாங்குவா?" என்றார்.

சொர்க்கம் முருகன் காலடியில்தான் என்று இருப்பவள் நான். மனுஷர்களே இந்த எட்டு வீட்டைச் சொர்க்கமாக்கலாம் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

கலவரம் வரும் என்று பேச்சுக் கிளம்பிய வாரம் நான் பயந்துபோய்ப் பூட்டை மாற்றினேன். வீட்டுக்காரரிடம் பழசு துருப்பிடித்துவிட்டது என்றேன். அன்றாடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவள், இதை மட்டும் எழுதவில்லை. பழைய சாவி பலகையிலேயே தொங்கியது.

போன வருஷம் நான் மாட்டுங்கா கோயிலுக்குப் போயிருந்தபோது, அணைக்காமல் விட்ட விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீப்பிடித்தது. அண்ணாச்சி சாவியோடு ஓடிவந்தார். திறக்கவில்லை. கல்லால் பூட்டை உடைத்து உள்ளே போய் அணைத்தார். கை வெந்துபோனது. சாவி வளைந்துவிட்டது என்று சந்துக்காரர்கள் உங்கள் எல்லாரிடமும் சொன்னாரே, அது எனக்காகச் சொன்ன பொய். என்னிடம் தனியாக, "பயந்தானே தாயி? தெளிஞ்சதும் சரியான சாவியக் கொண்டாங்க" என்றார். பழையதை அதே ஆணியில் மாட்டினார். நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன்.

கருமாதி முடிந்ததும் அவர் மகள் பலகையை என்னிடம் கொடுத்தாள். "நீங்கதான் எல்லாத்தையும் ஒழுங்கா வச்சிருப்பீங்க அத்தை" என்றாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பலகைதான். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். என் சரியான சாவி இப்போது அதில் இருக்கிறது. ஆனாலும் விளக்கேற்றும்போது அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது. நான் செய்ததை நீங்களும் செய்திருந்தால்? அவர் நம்பிக் காத்ததெல்லாம் வெறும் இரும்புதானா? உங்கள் கதவுகளில் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. அவரும் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

மற்ற ஏழு வீட்டாரையும் கேட்கிறேன்: இங்கே தொங்கும் உங்கள் சாவி உங்கள் பூட்டைத் திறக்குமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.