புனேவுக்கு ஏற வேண்டிய கார்

1. ஆயுத பூஜையன்று அப்பா அக்காவின் காருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, டயர்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்து, கற்பூரம் காட்டினார்.

2. படைத்த பொரி, வெல்லம், உடைத்த தேங்காயில் ஒரு மூடி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்தார். வண்டிக்குக் காவல் என்றார்.

3. மறுநாள் அதை எடுக்க மறந்தார். பிறகு கேட்டபோது, மறக்கவில்லை என்றார்.

4. பட்டாபிராமில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில், உறை போட்டு, கார் பத்து வாரம் நின்றது.

5. எலிகள் வந்தன.

6. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தூண்களுக்குப் பின்னால் எலி மருந்துக் கட்டிகளை வைத்தார். அதை வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படத்தோடு அறிவித்தார்.

7. எலிகள் மருந்தைத் தின்றுவிட்டு வீடு திரும்பின. வீடு என்பது கார்.

8. ஒரு புதன்கிழமை காலை, மறுநாள் லாரியில் ஏற்றுவதற்காக அதைக் கழுவக் கொண்டுபோகலாம் என்று உறையை உருவி, உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, ஏசியைப் போட்டேன்.

9. முகத்தில் முடி வந்து விழுந்தது. என் முடி இல்லை.

இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் மூச்சில் ஈரச் சாக்கு. இரண்டாவதில் சிறுநீர். மூன்றாவது மூச்சை நான் இழுக்கவில்லை. சட்டைக் காலரில் ஒரு பொரி ஒட்டியிருந்தது. ஒரு ஓரம் கடிபட்ட பொரி. அதைத் தட்டிவிட விரல் போகவில்லை. சட்டையையே கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது.

கார் அக்காவுடையது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் வலுவிழந்துபோயின. அந்தக் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கை லீவர் உண்டு. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். கார் வருவதற்கு முன்பு ஆட்டோவில்தான் வேலைக்குப் போய்வந்தாள். ஏற முடியாத நாட்களில் ஆட்டோக்காரர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பார். நல்லவர்களும் தூக்கினார்கள், மற்றவர்களும் தூக்கினார்கள். கார் வந்து எட்டு வருடங்கள் ஆகின்றன. எட்டு வருடமாக அவளை வெளியாள் யாரும் தூக்கியதில்லை.

தீபாவளி முடிந்ததும் பதவி உயர்வோடு அவளுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. அம்மாவும் அவளோடு போனாள். வேறு மாநிலத்துக்கு வண்டியை மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று வர இழுத்தது. அதுவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை முதல் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை டிரெய்லர் லாரியில் கார் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை புனேயில் இறங்கிவிடும். திங்கட்கிழமை காலை அவள் தானே ஓட்டிக்கொண்டு போவாள். ஏறாவிட்டால் மறுபடியும் ஆட்டோ. இருந்தது அவ்வளவுதான்.

அப்பா கீழே இறங்கி வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அப்படி ஒண்ணும் பெருசா நாறலையேம்மா."

"மூக்குல துண்டை வச்சுக்கிட்டுச் சொல்லாதீங்கப்பா."

"தூசிக்கு வச்சிருக்கேன்."

நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, தலையைப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, ஆவடி–பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டு தாண்டியிருக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டிப் போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்க்காரர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டடி முன்னால் போய் நின்றார். அப்பா பின் இருக்கையில் உட்கார்ந்து துண்டோடு சாலையை ரசித்துக்கொண்டிருந்தார்.

ஷெட் வைத்திருக்கும் பாய் எங்கள் வீட்டு வண்டிகளைப் பல வருடமாகப் பார்ப்பவர். கதவைத் திறந்தார், உடனே சாத்தினார், கைக்குட்டையை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டு மறுபடி திறந்தார்.

"இன்னாமா இது, காரா, எலி வளையா?"

"நாளைக்கு டிரெய்லர்ல ஏத்தணும் பாய்."

"ஏத்தலாம். முதல்ல உள்ள கீறவங்கள காலி பண்ணச் சொல்லு. அட்வான்ஸ் எதுனா குட்த்துகீறாங்களா?"

இடப்பக்க டேஷ்போர்டுக்கு அடியிலிருந்த ப்ளோயரைக் கழற்றினார். அதற்குள் ஒரு எலி சுருண்டு காய்ந்திருந்தது. விசிறியின் இதழ்களில் அதன் பாதி மேல்தோல். ஏசி வடிகட்டி இருக்கவேண்டிய இடத்தில், அந்த வடிகட்டியையே கிழித்துச் செய்த ஒரு கூடு. அதில் நான்கு குஞ்சுகள், ரோஜா நிறம் கறுத்துப்போய். காலடியில் விரித்த ரப்பர் மேட்டைத் தூக்கியபோது இருக்கைக்கு அடியில் இன்னொரு எலி. அது காயவில்லை. பாய் இரும்புத் தகட்டால் அதை வழித்து எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பார்ட் பழுதானால் பிரித்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். பார்த்தேன், பிறகு ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன், திரும்பி வந்து மறுபடி பார்த்தேன்.

கடைசியில் அந்தப் பை வெளியே வந்தது. தேங்காய் மூடியில் கொப்பரை முழுவதும் சுரண்டப்பட்டிருந்தது. வெல்லம் உருகி, மேட்டோடு ஒட்டி, அதில் பொரியும் முடியும் புழுக்கையும் கலந்து ஒரு கறுப்பு அடை.

"நல்லா துன்னுகீதுங்க சார்," என்றார் பாய். "நம்ம ஊட்ல கூட இம்மாம் பண்டம் கெடையாது."

அதைக் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோனபோதுதான் அப்பா பேசினார்.

"இருங்க பாய். பிரசாதத்தைப் போயி குப்பையில போடுவாகளா?"

"பின்ன?"

"செம்பரம்பாக்கம் ஏரியில விட்ருவோம். ஓடுற தண்ணி, நிக்கிற தண்ணி, எதுனாலும் சரி."

"சார், அத ஊரே குடிக்குது சார்."

பாய் என்னைப் பார்த்தார். நான் பையை வாங்கித் தொட்டிக்குள் போட்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெய்வக் குற்றம் என்று முணுமுணுத்தார். எலி மூத்திரத்தில் ஊறிய வெல்லத்தில் எந்தத் தெய்வம் இருக்கும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு வந்த அருவருப்பு எலியின் மேல் வந்ததைவிட அதிகம். அது நியாயமில்லை என்றும் தெரிந்தது. அடுத்த நிமிடத்தில் அது ஏனென்றும் தெரிந்தது.

பாய் விசிறியைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டே கேட்டார்: "வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் போட்டுகினு இருந்தீங்களாமா? ஓட்ற வண்டில எலி குடித்தனம் பண்ணாதே."

"எம் மக ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போடும்," என்றார் அப்பா, பெருமையாக. "கம்ப்யூட்டர்ல டிக் அடிச்சு வச்சிருக்கு. அங்க புனேயில இருந்து பெரியவ பாக்கும்."

நான் வாளியை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனேன்.

அந்த டிக் ஷீட்டைத் தயாரித்தது நான்தான். ஒரு வரி: ஞாயிறு, பத்து நிமிடம் எஞ்சின், இரண்டடி முன்னும் பின்னும். முதல் ஐந்து வாரம் செய்தேன். ஆறாவது ஞாயிறு மழை. கீழே இறங்கவில்லை, மாலையில் செய்துகொள்ளலாம் என்று படுக்கையிலிருந்தே டிக் அடித்தேன். மாலையில் மறந்துபோனது. ஏழாவது ஞாயிறு மறந்துபோகவில்லை. கீழே போகாமலேயே டிக் அடித்தேன், அவ்வளவு எளிதாக இருந்தது. அப்படி ஐந்து வாரம். ஐந்து டிக்குக்கும் அக்கா ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தாள்.

மாலை வரை கழுவினோம். மேட்டுகளை வெயிலில் போட்டு, இருக்கைகளை ஷாம்பு போட்டுத் தேய்த்து, ஓட்டைகளில் கற்பூரமும் நாப்தலீன் உருண்டையும் வைத்தார் பாய். வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தேன். சோற்றுப் பருக்கையைப் பார்த்தால் குஞ்சுகள் ஞாபகம் வந்தன. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் போகும் வழியில் கிடங்குகளுக்கு நடுவே இருந்த, கார்களை லாரியில் ஏற்றும் யார்டுக்குப் போனோம். டிரெய்லரில் மேல்தட்டு நிறைந்திருந்தது. கீழ்த்தட்டில் ஒரு இடம் காலி, எங்களுடையது. சோதிப்பவர் டேப்லெட்டோடு வந்தார். சீருடையில் இருந்த இளைஞர், கண்டிப்பான முகம். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் கூடாது, உள்ளே பொருள் எதுவும் இருக்கக் கூடாது, கீறல்களுக்குப் படம், டயருக்குப் படம். என்னிடமும் அதே பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாக இருவரும் பார்த்து முடித்தோம். உள்ளே தலையை விட்டு மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மேடம் ஸ்மெல்?"

"கற்பூரம்."

"பூஜை போட்டீங்களா?"

"போட்டோம்," என்றார் அப்பா, நான் வாயைத் திறப்பதற்குள்.

முப்பத்திரண்டு கட்டங்களும் பச்சையாயின. கையெழுத்துப் போட்டேன். ஏற்றும் டிரைவர் உள்ளே உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். லீவர் முழங்காலில் இடிப்பதாகவும், அதை மடக்க முடியுமா என்றும் கேட்டார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, மடக்கும் கொக்கியைத் தேடி லீவரை இருக்கைப் பக்கம் இழுத்தேன். எஞ்சின் சத்தம் ஏறியது. கையை விட்டேன். சத்தம் இறங்கவில்லை.

"யக்கா, இன்னாக்கா பண்றே!"

எட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். அவரை இறங்கச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து போன் வெளிச்சத்தை அடித்தேன். லீவரிலிருந்து பெடலுக்குப் போகும் கேபிள் வலப்பக்க மூலையில் வளைகிறது. பாய் பிரித்தது இடப்பக்கம். இதை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை. கேபிளின் மேலுறை ஒரு விரல் நீளத்துக்குக் கடித்து உரிக்கப்பட்டிருந்தது. உள்ளே கம்பி சிறுநீரில் ஊறித் துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது.

"அத்த இன்னாத்துக்கு நோண்டிக்கினு, நாங்க கால்லதானே ஓட்றோம்," என்றார் டிரைவர். "அது எங்களுக்குத் தேவயே இல்ல."

"எங்க லிஸ்ட்ல அது இல்ல மேடம்," என்றார் சோதிப்பவர். "எல்லாம் ஓகே ஆயிடுச்சு. சைனும் பண்ணிட்டீங்க."

அப்பா என் தோளைத் தொட்டார். "ஏத்தி விட்ரும்மா. புனேயில மெக்கானிக் இல்லாமயா இருக்கான்? திங்கக்கிழமைக்கு வண்டி அங்க நின்னாப் போதும்ல."

ஏற்றிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்றால் பொய். வண்டி போய் நிற்கும், பட்டியல் பச்சையாக இருக்கும், நானும் பேசாமல் இருந்துவிடலாம். திங்கட்கிழமை அவசரத்தில் அக்கா ஏறி உட்காருவாள், ஷீட்டை நம்புகிற மாதிரியே லீவரையும் நம்பி இழுப்பாள். அவளுக்குப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கால் வராது.

"இறக்கிடுங்க," என்றேன். இன்னும் ஏற்றவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏய், ஏத்தியாச்சா?"

"இல்லக்கா. லீவர் கேபிள எலி கடிச்சிருச்சு. இழுத்தா ஒட்டுது."

"போன ஞாயித்துக்கெழமை ஸ்டார்ட் பண்ணப்ப நல்லா இருந்துச்சா?"

"அன்னைக்கு நான் ஸ்டார்ட் பண்ணல. அதுக்கு முன்னாடி நாலு வாரமும் பண்ணல."

"ஷீட்ல டிக் இருக்கே."

"டிக் மட்டும்தான் பண்ணேன்."

அந்தப் பக்கம் அம்மா எதையோ வதக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ வேல பாக்குற எடத்துலயும் இப்படித்தான் டிக் போடுவியா?"

"இல்ல."

"அப்ப எனக்கு மட்டும்தானா?"

அப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்தேன். பொரிப் பைக்காக நேற்று நான் கேட்க வந்து கேட்காமல் விட்டதுபோல ஒரு கேள்வியை இப்போது அவர் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு என்மேலேயே இன்னும் அருவருப்பு வந்தது.

அந்த லீவரை அக்காவின் கைநீளத்துக்கு அளவெடுத்துப் பொருத்தியவர் அம்பத்தூரில் இருக்கிறார். காரை அன்று மதியமே அங்கே விட்டேன். பழைய கேபிளை உருவி எடுத்ததும் அவர் முகர்ந்துவிட்டு, "யம்மா, இத்த கையால தொட வச்சிட்டியே," என்றார்.

இன்றைய நிலை இது. புதிய கேபிள் போட்டாயிற்று. லீவர் திரும்பி வருகிறது. நாற்பது முறை இழுத்து விட்டுப் பார்த்தேன். இருக்கைப் பட்டையில் நாற்றம் இன்னும் இருக்கிறது. அடுத்த டிரெய்லர் வரும் வியாழனுக்கு அடுத்த வியாழன். திங்கள் முதல் அக்கா ஆட்டோவில் போய்வருகிறாள். இரண்டு நாள் ஆட்டோக்காரர் தூக்கித்தான் ஏற்றியிருக்கிறார். அதை அவள் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். என் செய்திகளுக்கு அக்கா ஒரு வார்த்தையில் பதில் போடுகிறாள். கார் அம்பத்தூரில் நிற்கிறது.