படத்தில் இல்லாத கான்

நான் பேசமாட்டேன் என்பதற்காகத்தான் எனக்கு அகழாய்வு வேலை கிடைத்தது. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தன. பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஜெயசீலன் என்ற தொல்பொருள் அதிகாரி வந்தார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் வந்து நின்று, "வாய் ஓயாத ஆள் வேணாம். குழிக்குள்ள என்ன கெடச்சாலும் லயத்துல போய் சொல்லக்கூடாது" என்றார்.

கங்காணி யோசிக்கவே இல்லை. "இந்த ராமையாவ கூட்டிட்டுப் போங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துலயே இவன் ஒரு வார்த்தை பேசல" என்றார்.

பெரட்டே சிரித்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

அதற்கு முன் பதினொரு வருஷம் நான் கான் வெட்டியவன். மழைத் தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருக்க, தேயிலைச் சரிவுகளில் குறுக்கே வெட்டும் வடிகாலுக்குத்தான் எங்கள் ஊரில் கான் என்று பெயர். இப்போது அகழாய்வு வேலைக்குப் படித்த பிள்ளைகள் வருகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, அவர்களிடம் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதையும் கான்தான் எனக்குச் சொல்லித் தந்தது.

1. மண்வெட்டிக் கை

தோண்டிய இடம், ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவு. ஒரு காலத்தில் அது தேயிலை மலை. பிறகு கைவிட்டு, மானாப்புல் மண்டிக் கிடந்தது. அங்கே மாடு கட்ட முளையடித்தவர்களுக்கு வெள்ளைக் கல் சில்லுகள் கிடைத்தன. ஆதிகாலத்து மனிதர்கள் செதுக்கிய கல்லாக இருக்கலாம் என்று யாரோ எழுதிப்போட, அதிகாரி வந்துவிட்டார்.

வேலை இதுதான். நூல் கட்டி, சதுரமாக டிரெஞ்ச் வெட்ட வேண்டும். மண்வெட்டி மேல் புல்லுக்கு மட்டும். அதற்குக் கீழே சிறு கரண்டியும் பிரஷ்ஷும்தான். எடுக்கிற மண்ணையெல்லாம் சலிக்க வேண்டும். கடைசியில் டிரெஞ்சின் சுவரைச் சீவி, அதில் தெரியும் மண் அடுக்குகளைப் படமாகப் போட வேண்டும். அதற்குப் பெயர் செக்ஷன். சுவருக்குக் குறுக்கே மட்டம் பார்த்து ஒரு நூல். அந்த நூலிலிருந்து அரை அடிக்கு ஒரு முறை டேப்பைத் தொங்கவிட்டு, எந்த மண் எங்கே முடிகிறது என்று அளந்து கிராஃப் தாளில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு.

இதை வரைய ஓர் ஆர்டிஸ்ட் வந்திருந்தார். இரண்டாம் நாள் மழைக்குப் பிறகு குழியில் இறங்கினார். கால்சட்டைக்குள் அட்டை ஏறிவிட்டது. அதன்பின் அவர் குழிப்பக்கம் வரவே இல்லை. கூடாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆதிகாலம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்யத் தொடங்கினார். செக்ஷன் வரையும் வேலை என் தலையில் விழுந்தது.

என் கோட்டைப் பார்த்த ஜெயசீலன் ஐயாவுக்குச் சிரிப்பு. "என்ன ராமையா, பென்சிலா மண்வெட்டியா? இந்த அழுத்து அழுத்துற. தாள் கிழிஞ்சிரும்."

என் கைக்கு வேறு மாதிரி வரவில்லை.

2. பலிபீடம்

மூன்றாவது வாரம், ஒன்றரை அடி ஆழத்தில் மூன்று கற்கள் நட்டபடி கிடைத்தன. அடியில் சின்னக் குழி. அதில் சாம்பல், கரி, கோழி எலும்பு, துருப்பிடித்த வளைந்த இரும்பு ஒன்று.

ஐயா தொப்பியைக் கழற்றினார். "பலிபீடம்" என்றார் மெதுவாக. "ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கொறையாது."

ஒரு அடி மண் சேர ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அவர் புத்தகத்தில் இருந்ததாம். அந்தப் புத்தகம் எழுதியவர் எங்கள் சரிவில் ஒரு மார்கழி மழை பார்த்ததில்லை. மேலே ஒரு கான் அடைத்துக்கொண்டால், இரண்டு மழைக்காலத்தில் ஒரு அடி மண் இறங்கிவிடும்.

ஆர்டிஸ்டுக்கு ஐயாவே போய் விவரம் சொன்னார். நாலு நாளில் படம் தயார். நடுவில் நெருப்பு. பக்கத்தில் கொம்பு வைத்த பூசாரி. சுற்றிலும் சட்டையில்லாத ஆண்கள், எல்லாரும் நேற்றுத்தான் சவரம் செய்துகொண்டவர்கள் மாதிரி. பெண்கள் ஓரமாகப் பானை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பானையில் ஒன்றுமில்லை. மழை இல்லை, மூடுபனி இல்லை, அட்டை இல்லை. குளிர் என்பதே அப்புறம்தான் கண்டுபிடிக்கப்பட்டது போலும். கோழி எலும்பு கிடைத்த இடத்தில் ஓர் எருமையைப் படுக்கப் போட்டிருந்தார். கோழி, அந்தப் பூசாரியின் கொம்புக்குப் பொருத்தமில்லை என்று நினைத்திருப்பார்.

கீழ் லயத்துக் கருப்பையா மாமா வேடிக்கை பார்க்க வந்தார். கவ்வாத்துக் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். தேயிலைச் செடியின் தலையை வெட்டிச் சீராக்குவதுதான் கவ்வாத்து. மாமா கற்களைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, இது எங்க கவ்வாத்துச் சாமிங்க. மலையில கத்தி வைக்கிறதுக்கு முந்தி மூணு கல்லு நட்டுச் சேவல் அறுப்போம். இத நட்ட வருஷம் மொத நாளே ஒரு கத்தி ஒடஞ்சிருச்சு. ஒடஞ்ச கத்திய மறுபடி செடியில வைக்கக்கூடாதுன்னு சாமிக்குக் கீழயே பொதச்சோம்."

"அந்தச் சாமிக்குப் பேர் என்ன, பெரியவரே?"

"பேரெல்லாம் இல்லீங்க. கவ்வாத்து முடியுற வரைக்கும்தான் சாமி. அதுக்கப்புறம் கல்லு."

ஐயா மிகவும் சந்தோஷப்பட்டார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இரண்டாயிரம் வருஷத்துப் பலிச் சடங்கின் நினைவு இந்த மக்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எழுதி, அதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். மாமா என்னைப் பார்த்தார். "நான் என்னடா சொன்னேன், இவர் என்னடா எழுதியிருக்காரு?"

சிரிப்பாகவே முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். ஐயா கொழும்புக்கு ஒரு கடிதம் போட்டார். சரிவு முழுவதையும் பாதுகாக்கப்பட்ட இடமாக்கி வேலி போட வேண்டும் என்று அதில் இருந்தது. வேலிக்கு அவர் குறித்த எல்லைக்குள் கீழ் லயமும் இருந்தது. ஆறு ஒற்றையறைக் காம்பிராக்கள், ஆறு குடும்பங்கள். மூன்றாவது காம்பிராவில் என் அக்கா செல்லம்மா. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். வேறு லயத்தில் இடமில்லை என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. பழைய கொழுந்து மடுவத்தில் சாக்குக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னார். கொழுந்து நிறுக்கும் மடுவம் அது. கூரை மட்டும்தான், சுவர் கிடையாது. ஆடிக் காற்றில் அங்கே ஓர் ஆள் நேராக நிற்க முடியாது.

3. அழிறப்பர்

பலிபீடத்துக்குப் பக்கத்துச் சுவரைச் சீவியபோது அதைப் பார்த்தேன். சிவப்பு மண்ணுக்குள், பெட்டி மாதிரி ஒரு சாம்பல்நிற வண்டல். இரண்டு பக்கமும் நேர் சுவர், அடி தட்டை. எனக்கு அளக்கவே தேவையில்லை. அடைத்துப்போன கான். பலிபீடத்துக் குழி அந்த வண்டலை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தது.

ஒன்றை ஒன்று வெட்டியிருந்தால், வெட்டியதுதான் பிந்தியது. இந்த வேலையில் இருக்கிற முழுப் படிப்பும் அதுதான். கானை வெட்டியது தோட்டம். கான் அடைந்த பிறகு அதற்குள் வெட்டியது சாமிக் குழி. அப்படியானால் இரண்டாயிரம் வருஷத்துச் சாமி தோட்டத்துக்குப் பிறகு பிறந்தது. இரண்டு கோட்டையும் தாளில் போட்டேன்.

"இது என்ன கோடு?" என்றார் ஐயா.

"கான்ங்க ஐயா. அது தூந்ததுக்கு அப்புறந்தான் சாமிக் குழிய வெட்டியிருக்காங்க."

"அது பழைய நீரோடை. குழி அதை வெட்டலை, பக்கத்துல நிக்குது. ஒன் கண்ணுக்கு மட்டும் தெரியுற கோட்டையெல்லாம் போடாத. அழி."

அழிறப்பரை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் அழித்தேன்.

பயந்துதான் அழித்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயம் கூட இல்லை. எதிர்த்துப் பேசுவதை விட அழிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த மடுவத்தில் யார் படுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே, தாளில் விழுந்த ரப்பர் தூளை ஊதிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "மாமா சொல்றாரு, செவுத்துல கான் தெரியுதாமே. அந்த ஐயாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எத்தன வாட்டி?"

"ஒரு வாட்டி."

"ஒனக்கு அது ஒரு வருஷத்துப் பேச்சாச்சே" என்றாள். வாளிக்குள் சட்டி பானைகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

4. திட்டு

வேலிக்கு ஒப்பம் வைக்கும் முன் இடத்தைப் பார்க்க மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். வயதான ஓர் அம்மா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகக் குழிக்குள் இறங்கியவர், பலிபீடத்தைப் பார்த்தார். ஆர்டிஸ்ட் படத்தைக் காட்டியபோது, "எருமை எங்க கெடச்சுது?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு என் செக்ஷனை வாங்கினார். பார்த்தவர், தாளைச் சரித்து வெயிலுக்குப் பிடித்தார்.

"இங்க ஏதோ இருந்திருக்கு. தடம் தெரியுது."

"அது இந்த ஆள் தப்பாப் போட்ட கோடு, மேடம்" என்றார் ஐயா.

"நான் போட்டவர்கிட்ட கேக்கிறேன்."

கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் கூடையோடு மேலே நின்றார்கள். அக்காவும் நின்றாள்.

"கான்ங்க" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"பதினோரு வருஷம் வெட்டினேன்ங்க."

"ஓடையா இருக்கலாமே?"

"ஓடை திட்டு விடாதுங்கம்மா."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் பேசி விளக்கத் தெரியாது. கானை ஒரே நீளமாக வெட்டமாட்டோம். தண்ணீர் வேகமெடுக்காமல் இருக்க, இடையிடையே ஒரு முழ அகலம் வெட்டாமல் விடுவோம். அதுதான் திட்டு. இதையெல்லாம் சொல்வதற்குப் பதில், சுவரில் தெரிந்த கானின் போக்கைப் பார்த்துக்கொண்டு குழியை விட்டு வெளியே வந்தேன். மானாப்புல்லுக்குள் சரிவின் குறுக்கே காலால் அளந்தேன். ஓரிடத்தில் நின்று, "இங்க ஒண்ணு இருக்கும்" என்றேன். மண்வெட்டியை எடுத்தேன்.

"எதுக்கு மேடம் நேரத்த வீணாக்கணும்" என்றார் ஐயா. மேலிருந்து ஒரு பெண், "ஒங்களுக்கு வீடு இருக்கு ஐயா, எங்களுக்கு நேரந்தான் இருக்கு" என்றாள். அக்காவின் குரல்.

இரண்டடி போனதும் சாம்பல் வண்டல் வந்தது. இன்னும் ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளி வெட்டினேன். வண்டல் கத்தியால் நறுக்கியது போல நின்றுவிட்டது. தொடாத சிவப்பு மண், ஒரு முழ அகலம். அதற்கு அந்தப்பக்கம் மறுபடி வண்டல். திட்டு.

அந்த அம்மா உள்ளே இறங்கி அதைத் தடவிப் பார்த்தார். பிறகு சாமிக் குழிக்கு வந்து, அதன் ஓரம் வண்டலை வெட்டும் இடத்தை விரல் நகத்தால் கீறிக்கொண்டே போனார். கீழ்வரை கீறினார்.

"கோட்ட அழிச்சது யாரு?"

"நான்தாங்க."

"யார் சொல்லி?"

நான் பேசவில்லை. அந்த மௌனத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஐயாவே சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் தொப்பியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சரி. அழிச்ச கையாலயே போடுங்க" என்று அந்த அம்மா தாளை என்னிடம் நீட்டினார்.

வேலி வரவில்லை. அக்கா அடுக்கிய சட்டி பானைகளை வாளியிலிருந்து இறக்கி வைத்தாள்.

கானுக்கும் கீழே, கை படாத மண்ணுக்குள், வெள்ளைக் கல் சில்லுகள் பிறகு ஏராளமாகக் கிடைத்தன. யாரோ ஒருவர் அந்தச் சரிவில் குந்தி உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார். செதுக்கிய தூள் கூட விழுந்த இடத்திலேயே கிடந்தது. உண்மையான பழங்காலம் அதுதான். அவரை யாரும் படம் போடவில்லை. கொம்பும் நெருப்பும் இல்லாத ஆள்.

ஆர்டிஸ்டின் படமோ சட்டம் போட்டு, ஓர் அரசாங்க விடுதி வராந்தாவில் பல வருஷம் தொங்கியது. ஒருமுறை அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "இவங்க ஏன்டா இந்தக் குளுருல சட்டையில்லாம நிக்கிறாங்க?" என்றாள்.

இப்போது வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. கண்ணால் பார்த்த கோட்டை அதிகாரி அழிக்கச் சொன்னால் என்ன செய்வது? எதிர்த்துப் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாயுள்ளவர்கள் பேசட்டும். என்னைப் போன்றவர்கள் பென்சிலை நன்றாக அழுத்திப் போடுங்கள்.